வஜ்ரதுர்காவை வாங்க ஓர் ஆள்

“ஏழு மடங்குடா. நாலு ரூபாய்க்கு வாங்கினது, தீபாவளிக்குள்ள இருபத்தெட்டு போகுமாம். ஜப்பான்காரன் வஜ்ரதுர்கா கம்பெனியையே வாங்கப் போறானாம். மெதுவா பேசு, வெளிய தெரிஞ்சா ஆளாளுக்கு வந்து நிப்பாங்க.”

மெதுவாகப் பேசச் சொன்ன பாலகுமார், பெங்களூர் பொம்மனஹள்ளியில் தான் குடியிருக்கும் வீட்டுப் படிக்கட்டில் நின்றுகொண்டு, தெருவில் போகிற தண்ணி லாரிக்காரனுக்கே கேட்கும்படி போனில் கத்திக்கொண்டிருந்தான். வேடிக்கை என்னவென்றால், போனில் அந்தப் பக்கம் யாருமே இல்லை.

மேல் வீட்டு பியாட்ரிஸ் துணி காயப் போடுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். மோட்டாரை அணைக்க வந்த வீட்டு ஓனர் சந்தானம், ஸ்விட்சில் கை வைத்தபடியே நின்றார். அன்றைக்கு டேங்க் நிரம்பி, மாடியெல்லாம் தண்ணீர் ஓடியது.

இல்லாத ஆளிடம் எதற்கு இவ்வளவு பேச்சு என்றால், எல்லாம் விற்க முடியாத ஒரு ஷேருக்காகத்தான். பொம்மசந்திராவில் பாலகுமாருக்கு சூப்பர்வைசர் வேலை. ஃபேக்டரி கேண்டீனுக்கு வந்துபோகும் நரேஷ் என்கிற ஏஜெண்டின் பேச்சில் மயங்கி, வஜ்ரதுர்கா மினரல்ஸில் ஐம்பதாயிரம் ஷேர் வாங்கிவிட்டான்.

அது பங்குச் சந்தைக்கே வராத, கைக்குக் கை மாறுகிற சில்லறை விலை ஷேர். வாங்கும்போது ஒரு போன் போதுமாக இருந்தது. விற்கப் போனபோதுதான், அதற்கு வாங்க ஓர் ஆள் வேண்டும் என்கிற சின்ன விஷயம் மண்டையில் ஏறியது.

“நான் என்னண்ணா பண்ண? யாராச்சும் கேட்டு வந்தா உங்களுதத் தள்ளி விட்டுடுவேன். ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்களே” என்று நரேஷ் கையை விரித்துவிட்டான்.

வீட்டில் மனைவி வைஷ்ணவி வேறு, தினம் அதே கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஒசூர் ஃப்ளாட்டுக்கு மாசக் கடைசியில பத்து லட்சம் கட்டணும். இந்த வீட்டு லீஸ் பணம் எட்டு திரும்பி வரும். பேங்க்ல நம்ம சேமிப்பு ரெண்டு இருக்கு. சரியாப் போச்சு இல்லங்க?”

“சரியாப் போச்சு” என்றான் பாலகுமார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

லீஸ் எட்டைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருந்துகொண்டு, காலி செய்யும்போது அப்படியே திரும்ப வாங்கிக்கொள்கிற பெங்களூர் வழக்கம் அது. சந்தானமோ மாநில சர்க்காரில் வேலை பார்த்து ரிடையரானவர், எஃப்.டி. தவிர வேறெதையும் சீண்டாத மனுஷன்.

அந்த இரண்டுதான் பேங்கில் இல்லை. அதுதான் வஜ்ரதுர்கா. விஷயம் தெரிந்தால் ஒசூருக்கு வைஷ்ணவி மட்டும்தான் குடிபோவாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான் அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு இந்தப் படிக்கட்டு நாடகம். நரேஷின் பெயரும் நம்பரும் காதில் விழும்படி ஒரு வாரம் விடாமல் நடத்தினான். ஜப்பான்காரனும் நாளுக்கு நாள் பணக்காரனாகிக்கொண்டே போனான்.

அடுத்த வாரம் நரேஷ் கூப்பிட்டான். நிஜமான போன்.

“அண்ணா, பார்ட்டி வந்தாச்சு. ஷேருக்கு அஞ்சு ரூபாய் தராராம். முழுசா எடுத்துக்கறாராம்.”

பாலகுமார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். “ஐம்பதாயிரமுமா?”

“அதுவே போதலையாம். இன்னும் எங்க இருந்தாலும் புடிச்சுக் குடுங்கறார். நான் ஹொசகோட்டே வரைக்கும் போய்த் தேடிட்டிருக்கேன்.”

“யாருப்பா அந்தப் புண்ணியவான்?”

“பேரைச் சொல்லக் கூடாதுன்னுட்டார். பெரிய மனுஷர், அவ்வளவுதான் சொல்லுவேன். ஷேரை என் கணக்குக்கு மாத்துங்க, நான் அவருக்கு மாத்திக்கறேன்.”

பாலகுமாருக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. பாவம், யார் வீட்டுப் பணமோ என்று நினைத்துக்கொண்டான். மறுநாள் இரண்டரை லட்சம் கணக்கில் விழுந்ததும் உறுத்தல் தானாக நின்றுவிட்டது. போட்டதற்கு மேல் ஐம்பதாயிரம் லாபம் வேறு. தன் சாமர்த்தியத்தை யாரிடமும் சொல்லிப் பீற்றிக்கொள்ள முடியவில்லையே என்பதுதான் ஒரே குறை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கீழ் வீட்டுக்குப் போனார்கள்.

“பன்னி, பன்னி. உக்காருங்க” என்று சந்தானம் கன்னடத்தில் ‘வாங்க’ சொல்லி வாய் நிறைய வரவேற்றார். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு களை.

வைஷ்ணவிதான் ஆரம்பித்தாள். “சார், ஒசூர்ல சொந்தமா ஃப்ளாட் வாங்கறோம். மாசக் கடைசியில காலி பண்ணிக்கறோம். லீஸ் பணத்தை அதுக்குள்ள குடுத்துட்டீங்கன்னா, ஃப்ளாட்டுக்குக் கட்டிடுவோம்.”

“ரொம்ப சந்தோஷம்மா. ஆனா தீபாவளி வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கணும். அப்புறம் எட்டோட ஒண்ணு சேர்த்து, ஒம்பதா தரேன்.”

“தீபாவளி வரைக்குமா? அதுக்குள்ள ஃப்ளாட் கைய விட்டுப் போயிடுமே சார். பணம் எஃப்.டி.லதான இருக்கு?”

“எஃப்.டி.ய உடைச்சுட்டேன்மா. அதுல என்ன வருது, சில்லறை.”

“அப்ப எங்க பணம் எங்க சார்?”

சந்தானம் பாலகுமாரின் முதுகில் உரிமையோடு தட்டிக் கொடுத்துவிட்டு, வைஷ்ணவியைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்க வீட்டுக்காரர் வாங்கி வெச்சிருக்காரே, அதே ஷேர்லதான்மா பூராவும்.”