தொட்டி மூச்சைப் பிடித்த காலை

மலையடிவாரத்துப் புதுக் கட்டடத்தில் பளபளவென்று ஓர் எஃகுத் தொட்டி நின்றது. உள்ளே இளஞ்சூடு, சர்க்கரைத் தண்ணீர், எல்லாம் தயார். ஆனாலும் அங்கே யாரும் நிலைக்கவில்லை.

ஒரு மாலையில், மாவைப் புளிக்க வைக்கும், கண்ணுக்கே தெரியாத ஓர் ஈஸ்ட் நுண்ணுயிர் காற்றில் மிதந்து வந்து இறங்கியது.

"வாங்க, வாங்க! இவ்வளவு இடமும் உங்களுக்குத்தான்," என்றது தொட்டி.

ஈஸ்ட் சுற்றிலும் பார்த்தது. "நான் இருந்த மாவுப் பானையில நிக்கக்கூட இடமில்லைங்க. ஆனா ஒருத்தர் விட்ட மிச்சம்தான் அடுத்தவருக்குச் சாப்பாடு. இங்க எனக்கு முன்னாடி யாரும் வரலையா?"

"வந்தாங்களே. நேத்துகூட மூணு பேர்."

"அவங்க எங்கே?"

"தினமும் விடிஞ்சதும் கொதிக்கிற நீராவி விட்டு எல்லாத்தையும் கழுவிடுவேன்," என்றது தொட்டி பெருமையாக. "வர்றவங்களுக்கு இடம் சுத்தமா இருக்க வேண்டாமா?"

"அந்த மூணு பேரையும் சேர்த்தா கழுவிட்டீங்க?" என்று கேட்ட ஈஸ்ட் சுவரோரம் ஒண்டிக்கொண்டது.

விடிந்தது. நீராவி குழாய்வரை வந்து முட்டியது. தொட்டி முதல்முறையாக அதை உள்ளே விடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

மதியத்துக்குள் சர்க்கரைத் தண்ணீர் புளித்து நுரை கட்டி, ஒரு மெல்லிய வாசனை வெளியே கசிந்தது. காற்றில் மிதந்து வந்த யாரோ மூடியில் தட்டினார்கள்.

"உள்ள ஆள் இருக்காங்க போலிருக்கே. நாங்களும் வரலாமா?"