மிஸ் ஹேட்டியின் தொப்பி

"யோவ் வெண்டல், கயிறு தரட்டுமா? கட்டி இழுத்துட்டுப் போயிடலாம்!"

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு க்ளைட். கையில் ஐஸ் டீ, முகத்தில் அந்தச் சிரிப்பு.

வெண்டல் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை. எடுத்தால் ஏதாவது சொல்லித் தொலைத்துவிடுவார்.

சிவப்பு நிற, கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் கார். வயது முப்பதுக்கு மேல். இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சவேண்டிய இன்ஜெக்டர்கள் அதை ஒழுகவிட்டு, தெருமுனை தாண்டுவதற்குள் இருமி நின்றுவிடுகிறது. நாளை மறுநாள் ஜூலை நாலு, சுதந்திர தின ஊர்வலம். முதலில் போகவேண்டிய கார் இதுதான்.

அதுவும் இந்த வருஷம் இதில் உட்காரப்போவது மிஸ் ஹேட்டி. பள்ளிக்கூட வாசலில் 'நில்' பலகையைத் தூக்கிப் பிடித்து, ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சாலை தாண்டவைத்தவர். இப்போதுதான் ஓய்வு பெற்றார். முழங்கால் மோசம், ஊர்வலத்தில் வரும் உயரமான தீயணைப்பு வண்டியில் ஏற முடியாது. "வெண்டல் கார்ல உட்கார்ந்து கையாட்டப் போறேன்" என்று ஊரெல்லாம் சொல்லி, இறகு வைத்த மஞ்சள் தொப்பியும் வாங்கிவிட்டார்.

"ஆர்டர் பண்ண இன்ஜெக்டர் எங்கே?" என்றாள் வெண்டலின் மனைவி மார்ஜ்.

"வருது வருதுன்னு போன்ல காட்டுது. எந்தக் கிடங்குல தூங்குதோ!"

"க்ளைட்டும் இதே மாடல் கார்தானே வச்சிருக்கான்? அதுல கூட்டிட்டுப் போகட்டுமே."

"அது கூரை மூடின கார். உள்ளே உட்கார்ந்தா தொப்பிகூட வெளியே தெரியாது. அதனாலதான் வருஷா வருஷம் எனக்கு முதல் இடம், அவனுக்கு வயித்தெரிச்சல். என் வண்டி நின்னா அவனுக்குத்தான் திருவிழா."

"பொறாமை பிடிச்ச ஜென்மம்!" மார்ஜ் வேலிக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

மறுநாள் காலை வாசலில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே நீலக் கோடு போட்ட டவல் துண்டில் சுற்றி, பளபளவென்று ஆறு இன்ஜெக்டர்கள்.

"பெட்டியில பேரும் இல்லை, விலாசமும் இல்லையே?"

"பழசைச் சுத்தம் பண்ணி விக்கிறவன் பெட்டிக்கு அலங்காரம் பண்ணுவானா? அந்த ஸ்பேனரை எடு!"

மதியத்துக்குள் பழையவை வெளியே, வந்தவை உள்ளே. சாவியைத் திருப்பினார். இன்ஜின் புலிக்குட்டி மாதிரி உறுமியது. கிரீஸ் கையோடு வெண்டல் கட்டிப்பிடிக்க, மார்ஜ் வெள்ளைச் சட்டையை நினைத்து அலறினாள்.

மறுநாள் ஊர்வலம் அமர்க்களம். மிஸ் ஹேட்டி பழைய பலகையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். முச்சந்தியில் அதைத் தூக்கிக் காட்டினாரே பார்க்கணும், பின்னால் வந்த பேண்டு வாத்தியம் மொத்தமும் வாசிப்பை நிறுத்தி நின்றுவிட்டது! வண்டிகளிலிருந்து வீசிய மிட்டாயைப் பொறுக்க ஓடிய குழந்தைகள் பத்திரமாகச் சாலை தாண்டினார்கள். ஊரே கைதட்டியது.

ஓரத்தில் க்ளைட், ஹாட் டாக் கடித்துக்கொண்டு.

"என்னய்யா, உன் வண்டி எங்கே?" வெண்டல் காரிலிருந்தே கத்தினார்.

"கூட்டத்துல கீறல் விழும்யா!"

"முதல் இடம் இல்லைன்னா வண்டியையே எடுக்க மாட்டானாம். சின்ன புத்தி!" என்றாள் பக்கத்து சீட்டிலிருந்த மார்ஜ், ஊருக்கெல்லாம் சிரித்துக் கையாட்டியபடியே.

அடுத்த நாள் கூரியர்காரர் வந்தார். "தாமதத்துக்கு மன்னிக்கணும் சார்."

பேர், விலாசம், சீல் எல்லாம் ஒழுங்காக ஒட்டிய பெட்டி. உள்ளே ஆறு இன்ஜெக்டர்கள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ நாம மாட்டினது?"

வெண்டல் பெட்டியோடு பக்கத்து வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே மார்ஜ்.

க்ளைட்டின் கார் பானெட் திறந்தபடி கிடந்தது. இன்ஜினில் ஆறு ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் தூசி விழாமல் திணித்த, அதே நீலக் கோடு போட்ட டவல் துணி.

க்ளைட் நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துடுச்சா? வா, நீயே மாட்டு. வேற என்னய்யா பண்றது? என் வண்டியில அந்தத் தொப்பி வெளியே தெரியாதே!"