பிடுங்கிய வயர்

கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்கினால் கணினி அப்படியே உறைந்துவிடும். இல்லாத கேமராவின் விலாசத்தைத் தேடிப்போய், கணினியை உள்ளிருந்து நடத்தும் கர்னல் என்ற மென்பொருள் ஒன்றுமே இல்லாத இடத்தில் விழும். கேமராவை இயக்கும் 'டிரைவர்' என்ற நிரலை எழுதியவன் திருமாறன். ஓட்டையைக் கண்டுபிடித்தவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஷர்மிளா பானு. 'கேமரா இருக்கிறதா?' என்று முதலில் கேட்டுக்கொள்ளும் ஒரே ஒரு வரியைச் சேர்த்து அதை அடைத்தும்விட்டாள். காலையிலிருந்து ஆபீஸே அவள் மேஜையைச் சுற்றி நிற்கிறது. திருத்தம் வெளியே போக வேண்டுமென்றால், டிரைவரை எழுதியவன் சோதித்துப் பார்த்து, அவள் பெயருக்குக் கீழே தன் பெயரைப் போட வேண்டும்.

திருமாறன் கேமராவைச் செருகினான். திரையில் அவன் முகம் தெரிந்தது. வயரைப் பிடுங்கினான். முகம் போயிற்று, கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் செருகினான், பிடுங்கினான். மெதுவாக இழுத்துப் பார்த்தான், வெடுக்கென்று இழுத்துப் பார்த்தான். விரல் நுனி சிவந்துவிட்டது.

"அண்ணா, கேக் வெட்டக் கூப்பிடுறாங்க. எப்படி, ஹேங் ஆகுதா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் ஷர்மிளா.

"இன்னும் இல்லம்மா."

திரும்பிப் பார்க்காமல் வயரைச் செருகினான். திரையில் அந்த முகம் மறுபடி வந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் சட்டென்று பிடுங்கினான்.