கீரி கூட்டிட்டு வந்த பல்லி

செவலைக்கோழி அடைகாக்க உக்காந்ததுமே முட்டை நொறுங்கிடுச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் ஓடு! மத்த முட்டைங்களும் அப்படித்தான்.

கோழி இரை தேடப் போறப்பல்லாம் பாம்பு வராம காக்க ஒரு கீரியை வச்சிருந்துச்சு. அந்தக் கீரியைக் கண்காணிக்க ஒரு பல்லி. பல்லியைக் கூட்டிட்டு வந்ததே கீரிதான்! "முட்டையெல்லாம் பத்திரம்க்கா"ன்னு கீரி சொல்லும். உடனே சுவர்ப் பக்கமிருந்து 'ச்சு ச்சு'ன்னு சத்தம் வரும். பல்லியே சொல்லிடுச்சே, அப்புறமென்னன்னு கோழியும் நம்பிடும்.

"அடேய் பல்லி, என் புள்ளைங்க எங்கடா?"

கோழி எம்பிப் போய் சுவர் விரிசலுக்குள்ள பாத்துச்சு. பல்லி எப்பவோ செத்து, சருகா காஞ்சு ஒட்டியிருந்துச்சு.

பின்னாடி கீரி வந்து நின்னுச்சு.

"பயப்படாதக்கா. நீயும் பத்திரமாத்தான் இருப்பே."

உடனே 'ச்சு ச்சு'ன்னு சத்தம், கீரி வாயிலேர்ந்தே.