காணாமல் போன அப்பத்துண்டு

"யாரு எடுத்திருந்தாலும் சரி, மரியாதையா இப்பவே கொடுத்துடுங்க. மணி பதினொண்ணு தாண்டியாச்சு."

ஆஷேர் மேசையின் தலைப்பக்கம் நின்றுகொண்டு சொன்னான். பஸ்கா விருந்துக்கு வந்திருந்த பத்தொன்பது பேரும் அவனையே பார்த்தார்கள்.

உடைத்து ஒளித்து வைத்த புளிப்பில்லாத அப்பத்துண்டைக் காணோம். சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு துணுக்கு அதைத் தின்ற பிறகுதான் மீதி ஜெபமும் பாட்டும். அதையும் நள்ளிரவுக்குள் தின்றாக வேண்டும். பிள்ளைகள் அந்தத் துண்டைத் திருடுவதும், பெரியவர்கள் பரிசு கொடுத்து மீட்பதும் அஷ்தோத் ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்துதான். ஆனால் ஆஷேர் வீட்டில் மட்டும் இதுவரை நடந்ததில்லை. வெள்ளைத் துணியில் சுற்றித் தன் திண்டுக்கு அடியிலேயே வைத்து, மேலே சாய்ந்து உட்கார்ந்துவிடுவான். பதினான்கு வருஷமாக ஒரு பொடியனாலும் கைவைக்க முடியவில்லை என்று மீன் கடை வரைக்கும் போய்ப் பீற்றிக்கொண்டவன். இப்போது திண்டைத் தூக்கினால் வெறும் நாற்காலி.

எப்போது போயிருக்கும் என்பதைத் தம்பி மெயீர் கண்டுபிடித்துச் சொன்னான். விருந்தின் தொடக்கத்தில், அப்பத்தை உடைத்து வைத்ததும், வீட்டுத் தலைவர் பண்டிகைத் தட்டைத் தூக்கி எல்லார் தலைக்கும் மேலே சுற்றுவது மொராக்கோவிலிருந்து வந்த யூதர்களின் வழக்கம். பாடிக்கொண்டே ஆஷேர் இத்தனை தலைகளையும் சுற்றி வர ஐந்து நிமிஷம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிஷமும் திண்டு அனாதையாகக் கிடந்திருக்கிறது.

"விடுண்ணே. வேற ஒண்ணை உடைச்சுக்குவோம். சட்டப்படி தப்பில்ல."

அதைக் கேட்டதும் பிள்ளைகள் கூட்டம் "தோத்துட்டார், தோத்துட்டார்" என்று கரண்டியால் மேசையைத் தட்ட ஆரம்பித்தது. அதோடு அந்த வழியும் அடைபட்டது. பிள்ளைகளிடம் தோற்றுவிட்டு நாளைக்கு ஜெபக்கூடத்தில் எப்படித் தலை நிமிர்ந்து உட்காருவது?

ஆஷேரின் மனைவி அலீசா எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், வைத்துவிட்டு வந்து நாற்காலி இடுக்கு, திரைச்சீலை மடிப்பு எல்லாம் தேடிப் பார்த்தாள். பண்டிகைக்குள் வீட்டில் புளித்த மாவு துளியும் இருக்கக் கூடாதென்று, நாலு வாரமாக அலமாரி முதல் கார் இருக்கையின் சந்து வரை ரொட்டித் துணுக்கு தேடித் துடைத்த கை அது. அவளுக்கே அகப்படவில்லை என்றால் பிறகு யாருக்கு அகப்படும்?

"இங்க எங்கயும் இல்ல, ஆஷேர். மிரட்டினா காரியம் ஆகாது. நல்லதா ஏதாவது தரேன்னு சொல்லிப் பாரு" என்றாள்.

ஆஷேர் ஒரு கால்பந்து தருவதாகச் சொன்னான். கூட்டம் கொட்டாவி விட்டது. சைக்கிள் என்றான். உடனே எட்டு வயது மகன் இதமார் எழுந்து நின்று, நான்தான் எடுத்தேன் என்றான். கொண்டு வா என்றதும் உள்ளே ஓடி, ஒரு அப்பத்துண்டோடு திரும்பி வந்தான். அதில் அவித்த முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த வெள்ளைத் துணி எங்கே என்று கேட்டதற்கு, துணியைத் தின்றுவிட்டேன் என்றான். மேசையே சிரித்தது. ஆஷேருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவனுடைய சந்தேகமெல்லாம் பன்னிரண்டு வயது மகள் ஹிலா மேல்தான். எதற்கும் துணிந்த பெண். கூப்பிட்டுக் கண்ணைப் பார்த்துக் கேட்டான்.

"நான் எடுக்கலப்பா. எடுத்திருந்தா சைக்கிளுக்கெல்லாம் மசிவேனா?"

அது நியாயமாகத்தான் பட்டது. புது போன் என்று ஏற்றினான். கடற்கரை ஓட்டலில் இரண்டு நாள் என்று ஏற்றினான். பிள்ளைகள் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவனின் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் எதையும் நீட்டவில்லை. மணி பதினொன்றரை.

அலீசா அவன் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள். "கேட்டதைத் தரேன்னு சொல்லி முடிச்சு விடு. என்ன பெருசா கேட்டுடப் போகுது? வீட்டையா எழுதி வாங்கிக்கப் போகுது?"

ஆஷேருக்கும் வேறு வழி தெரியவில்லை. நெஞ்சில் கை வைத்தான்.

"சரி. அந்தத் துண்டு யார் கையில இருக்கோ, அவங்க கேட்டதைத் தரேன். பண்டிகை நாள்ல பேனாவைத் தொடக் கூடாது, எழுதித் தர முடியாது. ஆனா இத்தனை பேர் சாட்சி."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் எழவில்லை. இவ்வளவு பெரிய வாக்குக்கும் அசையாத அந்த எமகாதகப் பிள்ளை எது என்று ஆஷேர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அலீசா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். பிறகு அதன் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நம்ம ஜனம் அடிமைத்தனத்துல இருந்து தப்பிச்ச கதையை ராத்திரி பூரா வாசிச்சியே, சமையலறையில ஒருத்தி இன்னும் மாட்டிக்கிட்டு இருக்கா. கடைசிப் பாட்டுல எல்லாரும் 'அடுத்த வருஷம் எருசலேமில்'னு பாடுவீங்க இல்ல? எனக்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம், ஆஷேர். அடுத்த வருஷம் மெயீர் வீட்டில்."