கணுக்கால் கோடு

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலிக்காரங்க நல்லா சாஞ்சு உக்காந்துக்கோங்க. சின்னக் கதைதான்.

"அந்தக் கவுனை ஷோகேஸ்ல இருந்து எடுன்னு சொல்றேன், காதுல விழலையா?"

துணிக்கடைக்காரம்மா போட்ட சத்தத்துல, டெய்லர் வாயில வச்சிருந்த குண்டூசியை முழுங்காம தப்பிச்சதே பெரிசு.

கடை வாசல்ல ஒரே கூட்டம். எல்லாரும் வெள்ளத்துல சொந்தங்களைப் பறிகொடுத்தவங்க. தண்ணி வடிஞ்சப்புறம் சுவத்துல சேத்துக் கோடு ஒண்ணு நிக்குமே, அதை அப்படியே வெள்ளைக் கவுன்ல சாயம் ஏத்தி விக்க வச்சா, வயித்தெரிச்சல் வராம இருக்குமா?

கவுனை உருவாக்கின டிசைனர் பொண்ணோ ஷோகேஸ் முன்னால போய் நின்னுக்கிட்டா.

"இன்னைக்கு அது போகலைன்னா நீ போகணும். பாத்துக்கோ!"

"நான் போயிடறேம்மா. அது நிக்கட்டும்."

கடைக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. கோவம் ஒரு பக்கம். இத்தனூண்டு உடம்புல இவ்வளவு நெஞ்சழுத்தமான்னு ஆச்சரியம் ஒரு பக்கம்.

"இதுக்கே மலைச்சுட்டீங்களே," டெய்லர் ஊசியைத் துப்பிட்டு ஆரம்பிச்சார். "கோடு இடுப்புல வந்தா எடுப்பா இருக்கும்னு ஒண்ணு செஞ்சேன். இந்தப் பொண்ணு தூக்கிப் போட்டுடுச்சு. கணுக்கால்லதான் வேணுமாம். கோட்டுக்குக் கீழே விரல் பதிஞ்ச மாதிரி கறை இருக்கு பாருங்க, எவனோ சாயக்கையோட தொட்டுத் தொலைச்சிட்டான்னு அலசப் போனேன். 'ஐயோ அண்ணா, அதை அழிச்சிடாதீங்க'ன்னு ஒரே அழுகை!"

அதுக்குள்ள கதவைத் தள்ளிக்கிட்டு ஒரு கண்டக்டரம்மா உள்ளே வந்தாங்க. தோள்ல டிக்கெட் பை கூட இறக்கலை.

"யாரு இதைப் பண்ணவ?"

"நாந்தாங்கக்கா."

"வெள்ளம்னா என்னன்னு தெரியுமாடி உனக்கு? என் தம்பி பனைமரம் கணக்கா இருப்பான். அவனையே முழுங்குச்சு அந்தத் தண்ணி. நீ என்னடான்னா, ஏதோ வாய்க்கால்ல கால் நனைச்ச மாதிரி கணுக்காலுக்குக் கோடு போட்டு வச்சிருக்கே! கேலியா பண்றே?"

கடைக்காரம்மா பதறிப் போய்க் குறுக்கே பூந்தாங்க. "கோச்சுக்காதேம்மா, விவரம் தெரியாத பொண்ணு. இப்பவே எடுத்துடறேன்."

சொன்ன கையோட கவுன்ல கை வச்சாங்க.

டிசைனர் பொண்ணு கவுன் மாட்டியிருந்த பொம்மை முன்னால மண்டி போட்டு உக்காந்தா. அந்தக் கறை மேல தன் விரலை வச்சா. அவ விரலைப் போல ரெண்டு பங்கு தடிமன், அந்தக் கறை.

"எங்கப்பாவுக்கும் மூக்குக்கு மேலதாங்கக்கா போச்சு தண்ணி," தலையை நிமிர்த்தாமலே சொன்னா. "ஆனா படகு வர்ற வரைக்கும் என் காலைப் பிடிச்ச பிடியை விடலை அவர்... அவர் தோள்ல நின்ன எனக்குக் கணுக்கால் வரைக்குந்தான் வந்துச்சு."