கீழே தட்டினால் எரியும்

"புகை வருதுங்க" என்றாள் அவள்.

ஒத்திகைக்காகக் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாதி கட்டிய விமானத்தின் இடது இருக்கையில் உட்கார்ந்திருந்த கணவரின் கை, தடுமாறாமல் மெயின் சுவிட்சுக்குப் போனது. குமிழைக் கீழே அழுத்தியது.

"அணைச்சாச்சு" என்றார். முகத்தில் முதல் மார்க் வாங்கிய பெருமை.

பெட்ரோலை ஏற்றும் பம்ப் மட்டும் டக் டக்கென்று அடித்துக்கொண்டேயிருந்தது.

அவர் துண்டை அவிழ்த்தார். பேனலில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

இருவரும் அந்தச் சுவிட்சையே பார்த்தார்கள். நிஜமாகவே மெயினை அணைக்க அவர் அதை மேலே தள்ள வேண்டியிருந்தது.

விமானத்தில் மேலே தள்ளினால் ஓடும், கீழே தள்ளினால் நிற்கும். பறக்கப் பழகிய இடத்தில் அவருடைய கை அப்படித்தான் படித்திருந்தது. அவளுடைய கை படித்தது வீட்டுச் சுவர்களில். அங்கே கீழே தட்டினால்தான் வெளிச்சம்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் வீடுகளுக்கு வயரிங் செய்பவள். எத்தனையோ வீட்டில் விளக்கேற்றிய கை, இங்கேயும் தன் போக்கில் வரிசைச் சுவிட்சுகள் அத்தனையையும் தலைகீழாகப் பொருத்தி வைத்திருந்தது. பேனலுக்கு மின்சாரம் கொடுத்ததே இன்றைக்குத்தான் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

"தொட்டில் பழக்கம்..." என்று சிரித்தபடி ஆரம்பித்தவர், அந்தப் பழமொழி எங்கே போய் முடிகிறது என்று நினைவு வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.



தெருவில் அவருக்கு ஏரோப்ளேன் என்றே பெயர். வேலை நாளெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் கார் நிறுத்தும் ஷெட்டில் சொந்தமாக ஒரு விமானம் கட்டுகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? இறக்கை இரண்டும் இன்னும் கூடத்தில், சோபாவுக்குப் பின்னால் கிடக்கின்றன. வருகிற விருந்தாளிகள் அவற்றைத் தாண்டித்தான் உட்கார வேண்டும்.

அவள் ஒரே ஒரு நிபந்தனையோடுதான் இதில் இறங்கினாள். வயர் எல்லாம் நான் போட்டுத் தருகிறேன், ஏறச் சொல்லி மட்டும் கூப்பிடாதீர்கள். அவரும் கூப்பிடவில்லை. இரண்டு இருக்கை வைத்த விமானத்தில் வலது இருக்கை அவளுடைய டூல்ஸ் பெட்டிக்கு என்று ஆகிப்போனது.

"எந்தப் பக்கம் ஆன், எந்தப் பக்கம் ஆஃப்னு பக்கத்துல எழுதி ஒட்டிடலாம். நாளைக்குக் காலையில ஆய்வாளர் வர்றாரு. இப்பப் பிரிச்சா முடியாதும்மா" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பேனலை மூடலாம். நாளை விட்டால் அவர் மறுபடி எப்போது வருவாரோ.

அவள் கத்தரியை எடுத்தாள்.

பயந்துபோன கை, எழுதி ஒட்டியதைப் படிக்காது. பழகிய பக்கம்தான் போகும். இப்போதுதானே கண்ணெதிரே பார்த்தாள். மேலே வானத்தில், நிஜமான புகையில், அவர் அணைத்துவிட்டதாக நம்பி உட்கார்ந்திருப்பார். அவள் போட்ட வயர் எரிந்துகொண்டிருக்கும்.

பேட்டரி வயரைக் கழற்றினாள். பேனலின் பின்பக்கம் போய்த் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டாள்.

சுவிட்சை அரைச் சுற்று திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று வெளியாள் நினைக்கலாம். ஆனால் வயர்களை அசையவிடாமல் மெழுகு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். சுவிட்சைத் திருப்பினால் வயரும் முறுக்கிக்கொள்ளும். முறுக்கின வயர் என்றைக்கு இருந்தாலும் காலை வாரும். ஆகவே ஒவ்வொரு கட்டாக அறுத்து, ஒவ்வொரு வயராகக் கழற்றி, சுவிட்சை நேராக்கி, மறுபடி மாட்டி, மாட்டியதை ஒரு இழு இழுத்துப் பார்த்து, மறுபடி கட்டினாள்.

அழகாக விழுந்திருந்த முடிச்சுகளை அறுக்கும்போது மனசு வலித்தது. அதற்காகக் கை நிற்கவில்லை.

அவர் டீ கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போனதை எடுத்துப்போய், சூடாக வேறொன்று கொண்டுவந்து வைத்தார். அதுவும் ஆறியது. அதற்குமேல் அவரும் தரையில் படுத்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டார்.

"வலது ஓரத்துக்கு ஒரு வயர் போகுதே, வயரிங் படத்துல இல்லையே?" என்றார் இடையில்.

"உபரி" என்றாள், நூலைப் பல்லால் கடித்தபடி.

வெயில் இறங்கும் நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். முதுகு தனியாகக் கழன்று வந்துவிடும்போல் இருந்தது. பேட்டரியை மாட்டினாள். அவர் தானாகவே துண்டைக் கட்டிக்கொண்டார்.

"புகை வருதுங்க."

கை போனது. கீழே தள்ளியது. பம்ப் நின்றது. ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அவள் மூச்சு விட்டாள்.

அவர் துண்டை அவிழ்க்கவில்லை. வரிசை முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே போனார். எல்லாம் ஒரே பக்கம், ஒரே ஒழுங்கு. வலது ஓரத்தில், உபரி வயர் போய்ச் சேர்ந்த இடத்தில், விரல் நின்றது. அங்கே இருந்த சின்ன சுவிட்ச் மட்டும் பழையபடி தலைகீழாக இருந்தது. அதற்கு மேலே, வலது இருக்கையைப் பார்த்தபடி, உள்ளங்கை அகலத்தில், அவர் வாங்காத ஒரு குட்டி விசிறி விரலில் தட்டுப்பட்டது.

"இது ஒண்ண மட்டும் மாத்தாம விட்டுட்டியே?"

"அது உங்க கைக்கு இல்லைங்க" என்றாள்.

வலது இருக்கையிலிருந்த டூல்ஸ் பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தாள்.